ஆறாம் வகுப்பு கேட்டு ஒரு சவுக்கு லாரி

பஞ்சாயத்து யூனியன் பள்ளி வாத்தியாருக்குப் பாடம் நடத்துவது என்பது, மற்ற வேலைகளெல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் செய்கிற காரியம். அந்த உத்தியோகம் பார்த்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள், பார்க்காதவர்கள் தப்பித்தீர்கள். எழுபதுகளின் நடுவில் செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு கிராமத்தில் நான் தலைமை ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. தலைமை தாங்குவதற்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு டீச்சர்.

மாடு தின்ற கூரை

கோடை லீவு முடிந்து வந்து பார்த்தால், பள்ளிக்கூடத்தின் வடக்குப் பக்கக் கூரையைக் காணோம். வைக்கோல் கூரை, அதுவும் தாழ்வான கூரை. அந்த வருஷம் புல்லுக்குப் பஞ்சம். ஊர் மாடுகள் ஒன்று மாற்றி ஒன்று வந்து நின்று, எட்டின வரைக்கும் தின்றுவிட்டுப் போயிருந்தன. மூன்றாம் வகுப்பு வெயிலில் உட்கார்ந்திருந்தது.

யூனியன் ஆபீசுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. தின்ற மாடு யாருடையது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இனிமேல் தின்னாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டிருந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஜமால் பாயிடம் படித்துக் காட்டினேன். பாய் சவுக்கு வியாபாரி, சொந்தமாக லாரி வைத்திருந்தார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பில் குடை பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஆளைக் கூப்பிட்டுத் தென்னங்கீற்று போடச் சொல்லிவிட்டு, என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "ஆபீசுக்கு அந்த மாடு தேவல சார். வந்த வேலைய ஒரே லீவுல முடிச்சிட்டுப் போச்சு."

ஃபெயில் வேண்டும்

வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சின்ன வகுப்புகளில் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது, எல்லாரும் பாஸ். ஊரே கொண்டாடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கண்ணம்மா வந்து நின்றாள். கடலை பிடுங்கும் வேலைக்குப் போகிறவள். அவள் மகள் செல்விதான் ஐந்தாம் வகுப்பில் முதல். அந்தச் செல்வியை ஃபெயில் போடச் சொன்னாள்.

விசாரித்தால் விஷயம் இதுதான். ஆறாம் வகுப்புக்குச் செய்யூர் போக வேண்டும். பஸ் எப்போதாவது மனது வைத்தால் வரும். தோப்பு வழியாகப் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பாஸானால் படிப்பு முடிந்தது. ஃபெயிலானால் இன்னும் ஒரு வருஷம் படிக்கலாம், மத்தியானம் உப்புமாவும் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையையே ஃபெயிலாக்கக் கூடாது என்கிறார்கள், முதல் மார்க் வாங்குகிறவளை எப்படி ஆக்குவது என்று விளக்கினேன். கண்ணம்மா அசையவில்லை. "மொதல் மார்க்கு வாங்கிகினு வூட்ல குந்தறதுக்கு, கடைசி மார்க்கு வாங்கிகினு ஸ்கூல்லயே குந்தட்டும் சார்."

ஜன்னல் வழியே கணக்கு

அவளைச் சமாதானப்படுத்த, இங்கேயே ஆறாம் வகுப்பு கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஜமால் பாய் சவுக்குக் கழி கொடுத்தார், மற்றவர்கள் மண் குழைத்தார்கள், ஓர் அறை எழும்பிவிட்டது. ஐந்தாம் வகுப்பைச் சோதித்துப் பார்த்துச் சிபாரிசு செய்யப் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரார் வேலைக்குப் போகாமல் ஜன்னலுக்கு வெளியே கூடி நின்றார்கள்.

ஒரு வியாபாரி நிலக்கடலை மூட்டையை இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்றால் லாபம் என்ன என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். செல்வி எழுந்து சரியான விடையைச் சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. ஏனென்றால் வெளியே பெரிய வாக்குவாதம். அந்த விலைக்கு மூட்டை எடுக்கிறவன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று ஒரு கட்சி, படாளம் பக்கம் ஒருத்தன் எடுக்கிறான் என்று இன்னொரு கட்சி. நான் போய் அடக்கிப் பார்த்தேன். என்னையே எந்தக் கட்சி என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு குடியானவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, மரியாதையாகவே கேட்டார்: "அந்த வியாபாரி எந்த ஊருன்னு மட்டும் சொல்லு சார், இந்த வருசம் மூட்டைய அவன்கிட்டயே போட்டுடறோம்."

எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே சிபாரிசு செய்துவிட்டார். காகிதம் செங்கல்பட்டு போய்ப் படுத்துக்கொண்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு, பாயின் லாரியில் ஊரே கிளம்பியது. பின்னால் பிள்ளைகளையும் ஏற்றியிருந்தார்கள்; அது எனக்கு மதுராந்தகம் தாண்டின பிறகுதான் தெரியும்.

செங்கல்பட்டுக் கல்வி அதிகாரி நல்ல மனிதர்தான், விதியைப் படித்துக் காட்டினார். ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் இருந்தால்தான் ஆறாம் வகுப்பு அனுமதிக்க முடியும். வகுப்பே இல்லாமல் அதில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். அதற்கு விதியில் பதில் இல்லை என்றார். என்னோடு மாடி அறைக்கு வந்திருந்த கண்ணம்மா எழுந்து போய் ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். கீழே லாரி நிறையப் பிள்ளைகள், நடுவில் செல்வி சிலேட்டும் பையுமாக. அதிகாரி எட்டிப் பார்த்தார். கண்ணம்மா அவரிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "இதோ கீறாங்க சார். எண்ணி எடுத்துக்கோ. இல்லன்னா இங்கயே வுட்டுட்டுப் போறோம், நீயே படிக்க வை."

அன்று சாயங்காலமே கையெழுத்து ஆயிற்று.

ஆறாம் வகுப்பு

வகுப்பு வந்தது, வாத்தியார் வரவில்லை. இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் எல்லாம் நானே. முதல் நாள் செல்வி முன் வரிசையில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் எழுதிய இங்கிலீஷ் வார்த்தையில் ஓர் எழுத்து குறைகிறது என்றாள். குறைந்துதான் இருந்தது. அதற்குள் வாசலில் கண்ணம்மா. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனேன். அவள் பக்கத்தில் ஜமால் பாயும் நின்றிருந்தார். "எல்லாம் சரி சார்," என்றாள் கண்ணம்மா, "ஏழாவதுக்கு லாரிய எப்ப எடுக்கச் சொல்றது?"

அந்த ஊரில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் எந்த அதிகாரிக்கும் பயந்ததில்லை, பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்று கிளம்பிவிட்ட பெற்றோருக்குத்தான் பயந்தேன்.