கச்சானில் ஆடிய தலை

என் மடத்தனத்தை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. சண்டைக் காலத்தில், முகம் முழுவதையும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போன ஒரே அறிவாளி நான்தான்.

போன கிழமை புது ஹெல்மெட் ஒன்று வாங்கித் தலையை நுழைத்தேன். அதன் பஞ்சு வாசம் மூக்கில் ஏறியதும் கூடவே மண்ணெண்ணெய் மணமும் வந்தது. கடையில் ஏது மண்ணெண்ணெய்? அது என் பழைய மோட்டார் சைக்கிளின் மணம். பெற்றோல் கிடையாத நாட்கள். நாலு துளி பெற்றோலைக் காட்டி ஏமாற்றி உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். புகையைப் பார்த்தால் நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவன் என்று நினைப்பார்கள்.

என் நண்பன் தவராசாவுக்கு ஆசிரியர் நேர்முகத் தேர்வுக் கடிதம் என் விலாசத்துக்கு வந்திருந்தது. அவன் பக்கம் தபால் போவதில்லை. தேர்வு மறுநாள் காலை. அவனோ கொக்கட்டிச்சோலைக்கும் பதினைந்து மைல்கட்டை அப்பால், வட்டை என்கிற வயல்வெளிக்குள் குடிசையாக ஒரு வாடி போட்டு வயல் காவல் இருந்தான்.

மண்முனைத் துறையில் ஆமிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே கைவிட்டுத் தடவி, என் முகத்தை அடையாள அட்டையோடு மூன்று தரம் ஒத்துப் பார்த்தான். அது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் அக்கரை போய் இறங்கினால், கச்சான் காற்று அனலும் புழுதியுமாக முகத்தில் அறைந்தது. ஹெல்மெட்டை மறுபடி மாட்டினேன். சவூதியிலிருந்து மைத்துனன் கொண்டுவந்தது. அவனுக்குத் தலை பெரிது. என் தலையில் அது காற்றுக்கும் ரோட்டுக் குழிக்கும் தன்பாட்டில் ஆடிக்கொண்டே வந்தது.

எதிரே வந்த சைக்கிள்காரர் சைக்கிளோடு வயலுக்குள் இறங்கினார். வரம்பில் நின்ற பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். யாராவது தொடர்கிறார்களோ என்று நானும் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன். சந்தேகப்படும் உரிமை எனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு.

தேத்தண்ணிக் கடையொன்றில் நிறுத்தி, கண்ணாடியைக்கூட உயர்த்தாமல் கேட்டேன்.

“அண்ணே, தவராசாட வாடி எங்க?”

“அப்படியொரு ஆள் இஞ்ச இல்ல மனே.”

தவராசா தினமும் தேத்தண்ணி குடிக்கிற கடை அது. ஆள்வசம் கொடுத்தனுப்பிய கடிதத்தில் எழுதியிருக்கிறான். சரி சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். பின்னால் வயலுக்கு வயல் ‘ஊ… ஊ…’ என்று கூக்குரல். குருவி துரத்துகிறார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

தலையாட்டி என்றொரு பிறவி அப்போது இருந்தது. சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையாக நடத்துவார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். பக்கத்து ஊரில் இரண்டு பேர் அப்படிப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நானோ முகத்தை மூடி, வழியெல்லாம் தலையை ஆட்டி, ஆளின் பேரையும் சொல்லி விசாரித்திருக்கிறேன்!

அவன் எழுதியிருந்த ஒற்றை மருதமரத்தை வைத்து வாடியைக் கண்டுபிடித்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு வாசலில். மற்றது, மேற்கே காட்டுக்குப் போகும் வரம்பில். அப்போதுதான் புத்தி வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

“மச்சான், நான்தான்டா!”

மேற்கிலிருந்து அடித்த கச்சான் என் குரலை வாரி எனக்குப் பின்னாலேயே எறிந்தது.

வெயில் சாயும்வரை இருந்தேன். சோற்றை இறக்கி வைத்தேன், அந்த மட்டில் நல்லவன். கடிதத்தைக் கல்லின் கீழ் வைத்துவிட்டு, கடைசிப் பாதையைப் பிடிக்கத் திரும்பினேன். தவராசா காட்டிலிருந்து வந்தது மூன்றாம் நாள். வாத்தியார் வேலை அதோடு சரி. இன்றுவரை வயல்தான்.

ஞாயிறன்று புது ஹெல்மெட்டோடு அவனிடம் போனேன். மண்முனையில் இப்போது பாலம். பாதையும் இல்லை, என் முகத்தை ஒத்துப் பார்த்த காவலரணும் இல்லை. தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் ஹெல்மெட்டோடு. யாருக்காகவும் யாரும் வயலுக்குள் இறங்கவில்லை. தவராசாவின் வாசற்படலையில் நிறுத்தி, கண்ணாடியை உயர்த்தாமலே, “என்ன வாத்தியார், இப்பவும் ஓடுவியா?” என்றேன்.

அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“முதல்ல அதக் கழட்டு.”