கடைசி கிரீனில் ஒரு நடவு

போன வாரம் மகளை அவள் அலுவலகத்தில் இறக்கிவிடக் கழக்கூட்டம் போயிருந்தேன். வாசலில் ஒரு லாரி நின்றது. பாய் மாதிரி சுருட்டிய புல்லை அதிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் வைத்து உருட்டிவிட்டால் புல்வெளி தயார், அவ்வளவுதான். "அப்பா, வண்டியை எடுங்கோ, பின்னாலே ஹாரன் அடிக்கறா" என்று மகள் அவசரப்படுத்துகிறாள். எனக்கோ அந்த ஈரமண் வாசனை மூக்கில் ஏறி, ஆளைத் தொண்ணூறுகளுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்போது தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு வலியசாலைத் தெருவை அளந்துகொண்டிருந்தேன். அப்பா ஓய்வு பெற்றாயிற்று, தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். அந்தச் சமயத்தில்தான் ராஜா காலத்து கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் என்னை மேற்பார்வைக்கு எடுத்துக்கொண்டார். மழைக்காலம் வரை பார்ப்பேன், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார். அம்மாவுக்கு முகமே சரியில்லை. "காலேஜெல்லாம் படிச்சுட்டுப் புல்லுப் பிடுங்கவாடா போறே?" என்றாள். அது கொஞ்சம் உண்மைதான். முதல் மாதம் முழுக்கக் கோரைதான் பிடுங்கினேன்.

வேலைக்கு வந்தவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். தலைவி பேச்சியக்கா. குரல் ஒரு ஃபர்லாங் கேட்கும். மைதானத்தில் பங்கர் என்று மணற்குழிகள் உண்டு. பந்து அதில் விழுந்தால் ஆடுபவர் பாடு திண்டாட்டம். தூர்ந்துபோன குழிகளை மறுபடி தோண்டி மணல் நிரப்பும்போது அக்கா சிரித்து மாளவில்லை. "நாமளே குழியைத் தோண்டுவானேன், பொறவு அதுல பந்து விழுந்துட்டேன்னு வருத்தப்படுவானேன்? நல்ல கூத்துல்லா!"

பங்கர்களில் ஒரு தொந்தரவும் இல்லை. கடைசி கிரீனில்தான் வந்தது வினை. கிரீன் என்றால் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை. அதற்கு லேசான சரிவும் மேடுபள்ளமும் வேண்டும். பந்தின் போக்கே அதில்தான் இருக்கிறது, மழைத்தண்ணீரும் வடிந்துவிடும். மண்ணை அப்படி வளைத்து வைத்துவிட்டு, கயிறு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் தரை தட்டு மாதிரி மட்டமாக இருக்கிறது! நெல்வயலில் பரம்படிப்பதுபோலப் பலகையை இழுத்து மேட்டையெல்லாம் நிரவி, புல் நாற்றை வரிசை பிசகாமல் நட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு வரப்பும் கட்டிவிட்டார்கள்.

"என்னக்கா இது?"

"நடுற வயலு மட்டமா இருக்காண்டாமா தம்பி? தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கிராதா? அதான் ஒங்களுக்கும் சேத்துச் செஞ்சு வச்சோம்."

என் மேல் இருந்த பிரியத்தில் சோறுகூடத் தின்னாமல் செய்திருக்கிறார்கள். நான் திட்டவில்லை.

கான்ட்ராக்டர் திட்டினார். "எந்தா இது, நெல்லு விதைக்கான் போகுன்னோ?" என்று மலையாளத்தில் ஆரம்பித்தவர் என் பக்கம் திரும்பினார். "இடவப்பாதி மழைக்கு முன்பு இது சரியாயில்லெங்கில், நீ வீட்டில் இருந்தோ."

இடவப்பாதி என்றால் வைகாசி நடுவில் இறங்கும் பருவமழை. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. வேர் பிடிக்காத புல் அந்த மழையில் ஒரு நாள் தாங்காது. அக்காவிடம் ஓடினால் அவள் முகமும் வாடிக்கிடக்கிறது. "ஊர்ல அம்மன் கொடை. காப்புக் கட்டுறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும், கட்டிட்டா எல்லை தாண்டப்பிடாது. என்னைய ஏசாதிய தம்பி. கொடை முடிஞ்சதும் ஓடி வந்துருவேன்."

எல்லோரும் தம்பானூரில் பஸ் ஏறிவிட்டார்கள். கொடைத் திருவிழாவுக்குப் போனவர்கள் வேலைக்குத் திரும்புவது அவரவர் மனசைப் பொறுத்தது. அவர்கள் நட்டிருந்த நாற்றை நான் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். மைதானத்து ஆட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மண்ணை மறுபடி வளைத்தேன். பரீட்சைக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன், அந்த வாரம் தினமும் போனேன். அர்ச்சகரே சந்தேகமாகப் பார்த்தார்.

ஒரு காலையில் மைதானத்து வாசலில் ஒரே சத்தம். பேச்சியக்கா நிற்கிறாள். சேலையெல்லாம் கொடையில் ஊற்றிய மஞ்சள் நீர்க் கறை. பின்னால் பழைய ஆட்கள் மட்டுமல்ல, அக்காள், தங்கச்சி, கொழுந்தி, மதினி என்று அவள் தெருவே நிற்கிறது.

"மஞ்சத்தண்ணி காயல தம்பி, அப்படியே வண்டி ஏறிட்டோம். இப்ப எப்படி நடணும்னு சொல்லுங்க, மேடோ பள்ளமோ!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று குழாயைத் திறக்கப் போனேன். முதல் நாற்றை வைத்ததும் எல்லோருமாகக் குலவை போட்டார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட கனவான்கள் மட்டையை ஓங்கியபடியே நின்றுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த பேச்சியக்கா, "அறுப்புக்கு எப்ப வரணும்?" என்றாள். இதற்கு அறுப்பே கிடையாது, வெட்டிக்கொண்டே இருப்பார்கள் என்றேன். "அறுப்பில்லாத வெள்ளாமையா!" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழை அந்த வருஷம் கொஞ்சம் பொறுத்தே வந்தது. புல் தாங்கியது. தண்ணீர் சரிவில் வழிந்து ஓடுவதைக் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் வருவது நின்றுபோனது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் தங்கிய கட்டடத்தில் இப்போது பாத்திரக் கடை. இப்போது வேலைக்கு வருபவர்கள் வங்காளம் பேசுகிறார்கள். அந்தப் புல்லையும் பெயர்த்துவிட்டு வேறு ஏதோ நாட்டுப் புல் போட்டுவிட்டார்கள். பேச்சியக்கா எங்கே, எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வேலை நிரந்தரமானது. தங்கை கல்யாணம், வீடு, மகள் படிப்பு எல்லாம் அந்த வேலையில்தான் நடந்தது. அறுப்பு கிடையாது என்று அக்காவிடம் அன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக நான் ஒருவனே அறுத்துக்கொண்டிருக்கிறேன்.