இரும்புக் காகமும் அப்புவின் சோறும்

என்னைப் பெற்ற அப்பு என் வீட்டில் ஒரு நாளும் கை நனைத்ததில்லை. பக்கத்து ஒழுங்கையில்தான் அவருடைய கொல்லன் பட்டறை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். எத்தனை பொங்கல் வந்து போனது. வாசல் படலை வரைக்கும் வருவார், "பிள்ளை, சுகமாய் இருக்கிறியோ" என்று கேட்பார், திரும்பிப் போய்விடுவார். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

எல்லாம் ஒரு கொக்கால் வந்த வினை. எனக்குக் கலியாணம் முடிந்த புதிதில், மண்வெட்டி அடிக்கச் சொல்லி என் மனிசனிடம் நல்ல வண்டிப் பட்டை இரும்பு கொடுத்தார் அப்பு. புகையிலைத் தோட்டம் கொத்துகிற நேரம். தோட்டக்காரர் படலையில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். என் மனிசனோ அந்த இரும்பில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அப்பு வந்தார். கொக்கை அவர் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். மண்வெட்டி இல்லாததைத்தான் பார்த்தார். "என்ரை இரும்பைக் கொக்காக்கின வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்" என்றார். சாகும்வரை சொன்னபடியே இருந்தார்.

என் மனிசனும் கொல்லன்தான். மண்வெட்டி, அரிவாள், கதவுக் கீல் எல்லாம் அடிப்பார். ஆனால் அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டாது. ஊரார் வேலையை மளமளவென்று முடித்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார். சண்டை தொடங்கி இரும்பு கிடைக்காத காலத்திலும் வல்வெட்டித்துறைக்குப் போய், உடைத்த கப்பலின் ஆணி, சங்கிலித் துண்டு என்று சாக்கில் கட்டிச் சுமந்து வருவார். சங்கிலி வளையம் நண்டின் காலாகும். ஆணிகள் பனம்பாளையாகும். கடற்கரைக்குப் போனால் ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டு பின்னேரம் முழுக்க இருந்துவிடுவார்.

"கொக்குக்குச் சம்பந்தம் பேசப் போனனீங்களோ?" என்று கேட்பேன். என் வாய் சும்மா இருக்குமா?

"கால் மடங்கிற இடம் இன்னும் பிடிபடேல்லை" என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் உலைக்குத் துருத்தி ஊதுகிறவள் நான்தான். எவரும் வாங்காத அந்தக் கொக்கிலும் நண்டிலும் பாதி மூச்சு என்னுடையது.

அப்பு செத்த வருசம் என் மனிசன் ஒரு காகம் செய்தார். மழையில் நனைந்து, ஒரு சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிற காகம். ஒவ்வொரு இறகாக வெட்டி, சூட்டோடு நல்லெண்ணெய் பூசிக் கறுப்பாக்கினார். கழுத்தில் மட்டும் எண்ணெய் படவிடவில்லை. அந்த இடம் சாம்பல் நிறமாய் இருந்தது. அதை எங்கள் பட்டறைக் கூரை முகட்டில் வைத்தார். அன்றைக்கே ஊர்க் காகமெல்லாம் கூடி வந்து சுற்றிச் சுற்றிக் கத்தி ஒப்பாரி வைத்தன. அதற்குப் பிறகு ஒரு காகமும் எங்கள் வளவில் இறங்கவில்லை. அயல் பெண்கள் செத்தல் மிளகாயையும் பனங்கிழங்கு ஒடியலையும் எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து காயப்போட்டார்கள். என் மனிசனின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய வேலையை நம்ப ஆள் கிடைத்திருந்தது.

அப்பு செத்து ஒரு வருசம் முடிந்து ஆட்டத்திவசம் வந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மாவும் அப்போது எங்களோடுதான் இருந்தார். அதனால் திவசம் எங்கள் வீட்டில். என் மனிசன் விடியற்காலையில் கீரிமலைக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார். அப்புவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பயத்தங்காய்க் கறியும் பாயசமும் சமைத்தேன். உயிரோடு இருந்தபோது சாப்பிடாத மனிசன் இன்றைக்காவது என் வீட்டில் சாப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

வாழையிலைத் துண்டில் சோறு கறி படைத்துக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கூப்பிட்டேன். காகம் வரவில்லை.

"உந்த இரும்புக் காகத்தை இறக்கி வைச்சிருக்கலாமே" என்றாள் திவசத்துக்கு வந்திருந்த மச்சாள்.

"அது மற்றக் காகத்துக்கு. இண்டைக்கு வாறது அப்பு. அவர் கொல்லன். இரும்பு எது, காகம் எது எண்டு அவருக்குத் தெரியாதோ?" என்றேன். அப்படித்தான் நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

வெயில் சாய்ந்தது. காகம் தொடாமல் அம்மா பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். உதடு காய்ந்து, சுவரோடு சாய்ந்துவிட்டார். அப்புவின் கோபம் தீரவில்லை போல என்று வந்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். என் காதில் விழத்தான் கதைத்தார்கள்.

என் மனிசன் கூரையில் ஏறி இரும்புக் காகத்தைத் தூக்கினார். பனைகளில் இருந்த காகமெல்லாம் இரைந்துகொண்டு அவர்மேல் பாய்ந்தன. தங்கள் இனத்தை அவர்தான் கொன்றார் என்று நினைத்திருக்க வேண்டும். தலையில் கொத்தி இரத்தம் வரவைத்துவிட்டன. வேறு நாளென்றால் வயிறு நோகச் சிரித்திருப்பேன். காகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தார். அதற்குப் பிறகும் சோற்றுப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

"பிள்ளை, கொப்பற்றை பட்டறையிலை கொண்டுபோய் வை" என்றார் அம்மா.

"மாட்டன். அவர் இஞ்சை வந்து சாப்பிடட்டும்."

"அவர் வரமாட்டார்."

"அப்ப பட்டினி கிடக்கட்டும்."

"கிடக்கிறது நானெல்லோ, பிள்ளை" என்றார் அம்மா.

இலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உலை அணைந்து கிடந்த அப்புவின் பட்டறைச் சுவரில் வைத்தேன். நான் கை எடுக்கவில்லை, ஒரு காகம் வந்து இறங்கியது. முதலில் வாழைக்காய்ப் பொரியலைத்தான் கொத்தியது. தலையைச் சாய்த்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மிச்சத்தையும் தின்றது. "அவ்வளவு பிடிவாதமோ அப்பு? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டு, ஒழுங்கையில் ஆள் போகிறதென்றும் பாராமல் நின்று அழுதேன்.

திரும்பி வந்து அம்மாவுக்குச் சோறு போட்டேன். என் மனிசன் தலைக் காயத்தில் மஞ்சள் அப்பிக்கொண்டு, காகத்தை மடியில் வைத்தபடி இருந்தார்.

"பாத்தியளோ, செத்தும் இந்த வீட்டு வாசல் மிதிக்கேல்லை. கல்நெஞ்சு" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"கல்நெஞ்சு இல்லையடி. பயம்" என்றார். "பிறந்த நாள் துவக்கம் இரும்போடை கிடந்த மனிசன். இது இரும்பெண்டு அவருக்கே தெரியேல்லை."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து அந்தக் காகத்தைப் பார்த்தார். என் மனிசனின் வேலை எதையும் அம்மா அதுவரை உற்றுப் பார்த்ததில்லை.

"ஓம் தம்பி, அவர் உம்மட்டை ஏமாந்துபோனார்" என்றார். "வாரும், வந்து சாப்பிடும்."

என் மனிசன் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்புவின் செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசன், போட்ட சோற்றில் கை வைக்க முடியாமல் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.