படப்பெட்டியும் என் முகமும்

தொண்ணூறுகளில் ஒரு மாலை, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்த என் ஆறு வயது மகளை மந்தைவெளியில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் தையலுக்குத் தயாரானார். நர்ஸ், கண்ணில் வைத்துப் படம் பார்க்கும் பொம்மைப் பெட்டி ஒன்றை மகளிடம் கொடுத்தார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. மரத்துப்போக வைக்கும் ஊசி போடாமல் ஏமாற்றப் பார்க்கிறார்களோ?

“பொம்மையக் காட்டியா தையல் போடுவீங்க?”

“நீங்க சீட்டு வாங்கப் போனப்பவே ஊசியும் போட்டுட்டோம் சார்,” என்றார் நர்ஸ்.

நான் நம்பவில்லை. டாக்டரின் கையையே முறைத்துக்கொண்டு நின்றேன். மகளோ பொத்தானை அழுத்தி அழுத்தி, “யானை... ஒட்டகம்...” என்றாள். பாதியில் பெட்டியைப் பிடுங்கினேன்.

“வலிக்குதாம்மா?”

என்னைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது.

“வலிக்கலைப்பா. உன் மூஞ்சியப் பார்த்தாதான் பயமா இருக்கு. பெட்டியக் குடு.”

கொடுத்தேன். இன்றும் வீட்டில் யாருக்காவது அடிபட்டால், முதலில் என் முகத்தைத்தான் சரிசெய்துகொள்கிறேன்.