கூரையில சொருகுன கிளாஸ்

வீட்ல இருக்க முடியாம இன்னைக்கு முதுகுளத்தூர்ல ஒரு டீக்கடை ரேடியோவ ரிப்பேர் பாக்கப் போனேன்.

வால்வ மாத்தித் திருகுனதும் தென்னாப்பிரிக்காவுலருந்து கிரிக்கெட் கமெண்ட்ரி வந்துச்சு. கடைக்காரரு ஓடியாந்து அமத்திட்டாரு.

"அந்த நாட்டுல கறுப்பு சனத்துக்குத் தனி வாசலாம், தனி பெஞ்சாம். அங்கன நடக்குற ஆட்டத்த எங் கடையில எவனும் கேக்கக்கூடாது. இது நம்ம எதிர்ப்பு!"

பெஞ்சுல இருந்தவுக கைதட்டுனாக. நானும் தட்டுனேன்னு நெனைக்கிறேன்.

அப்புறம் எனக்கு டீ வந்துச்சு. மத்தவுக கிளாஸ்ல இல்ல, வெளிய கூரையில சொருகியிருந்த கிளாஸ்ல.

"கோவிச்சுக்கிடாதீக தம்பி. ஒங்க வீட்டம்மா தவறி இன்னும் கருமாதி ஆகல. தீட்டுல்ல?"

சரின்னுட்டேன். அவ போனதுலருந்து எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றேன்.

வாசலுக்கு வெளிய ஒருத்தரு குத்தவச்சு என் கையவே பாத்துக்கிட்டிருந்தாரு.

"என்னண்ணே?"ன்னேன்.

"ஒண்ணுமில்லங்கய்யா, மெதுவா குடிங்க. அது எங்க கிளாஸு. எங்க தெருவுக்கே அது ஒண்ணுதான்."

அவசரமா குடிச்சு, கழுவிக் குடுத்தேன். நாக்கு வெந்துபோச்சு.

ரேடியோ இப்ப நல்லாத்தான் இருக்கு, அமத்தியே கெடக்கு. நாங்க எதத்தான் எதுத்தோம்? எனக்கு வெளங்கல. வெளங்குனவுக சொல்லுங்க.