அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே ஜாக்கி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு குடியிருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு. மேலே ஒரே காங்கிரீட் தளம், நடுவில் ஒரு சுவர். சுவருக்குத் தெற்கே நான், வடக்கே அவள். நான் மூத்த மருமகள், அவள் எனக்குப் பின்னால் வந்தவள். ஆனால் எந்தப் பொருள் வந்தாலும் அவள் பக்கம்தான் முதலில் வரும். கிரைண்டர் அப்படி வந்தது. தரைக்கு டைல்ஸ் அப்படி வந்தது. மாடியில் கறுப்பு டேங்க் வந்தது. அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் மட்டும் என் வாசலில் கொட்டும்.

அப்புறம் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ரோடு எழும்பியது, எங்கள் வீடு பள்ளமாகிப் போனது. ஐப்பசியில் ஏரி நிரம்புகிறதோ இல்லையோ, என் கூடம் நிரம்பிவிடும். நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் வீட்டிலும் தண்ணீர் வரும். ஆனால் டைல்ஸ் தரை அல்லவா, துடைப்பத்தால் தள்ளினால் போய்விடும். என் தரை பொங்கல் வரைக்கும் ஈரம் கக்கும்.

ஒரு கல்யாணத்துக்குத் தென்னேரிப் பக்கம் போனபோது, லாரிக்கு வைக்கிற மாதிரி ஜாக்கி வைத்து ஒரு வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. என் வீட்டைத் தூக்கி நிறுத்தினால் அவள் வாசல் என் முழங்காலுக்குக் கீழே போய்விடும். அந்த நினைப்பே தித்திப்பாக இருந்தது. மகனுக்கு மட்டும் போனில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

அவன் வருவதற்குள் அவள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வீடு தூக்குகிற கான்ட்ராக்டர். இதிலும் முந்திக்கொண்டாளே!

அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், மாடிக்கு ஏறி இறங்கினான். பிறகு அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அம்மா, தளம் ஒண்ணு, நடு செவுரு ஒண்ணு. தூக்கினா ரெண்டு வூட்டையும் சேத்துத்தான் தூக்கணும். பக்கத்து வூட்டு ஆயா ஒத்துக்கினாத்தான் ஆவும்."

அவள் அம்மா, நான் ஆயா. எங்கள் இரண்டு பேருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவள் தலைக்குச் சாயம் அடிக்கிறாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் தட்டில் பஜ்ஜியோடு வந்தாள்.

"அக்கா, வூட்ட தூக்கலாம்னு கீறேன். நீ சரின்னு சொன்னா மயைக்கு முன்ன முடிச்சிடலாம்."

"மய வந்தா எனக்கு இன்னாடி புதுசா? வர்றதுதானே" என்றேன். பஜ்ஜியை மட்டும் வாங்கிக்கொண்டேன். மறுபடியும் வந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் என் வாசலில் நின்று கேட்க, நான் உள்ளே உட்கார்ந்து யோசிப்பது நன்றாகத்தான் இருந்தது. கடைசியில், கான்ட்ராக்டர் என் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தான். காபி கொடுத்தேன். அவன் குடித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்பா, என் பக்கம் நாலு விரக்கடை ஒசத்தி தூக்குவியா? நான் மூத்தவ."

அவன் சிரித்துவிட்டான். "வூடு இன்னா தொட்டிலா ஆயா, ஒரு பக்கமா ஒசத்தி ஆட்டறதுக்கு? கொஞ்சம் பெசகினாலும் தளம் பொளந்துக்கும்."

"அப்ப தூக்கவே வேணாம். பள்ளத்துலயே கெடக்கறேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "வுட்டுடுப்பா! அக்காவுக்குத் தண்ணின்னா புடிக்கும். கூடத்துல மீனு வளத்துக்கினு கெடக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி டம்ளர் நசுங்கியிருக்கும். ஆனாலும் உட்கார்ந்து யோசித்தேன். வேண்டாம் என்றால் அவள் டைல்ஸைத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போவது நான்தான். சரி என்றேன். என் பங்குப் பணத்தை மகன் கொடுத்தான்.

தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கினார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். கான்ட்ராக்டர் கை தட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் திருக வேண்டும். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள், நான் அவள் வாசற்படியைப் பார்த்தேன். அதுவும் என் வாசற்படியும் ஒன்றையொன்று விடாமல் எழும்பின. தினம் தினம் பார்த்தேன். ஒரு நூல்கூட என் பக்கம் ஏறவில்லை.

அடியில் கல் கட்டி முடித்ததும் வாசலுக்குப் படி கட்ட வேண்டும். எங்கள் ரோடு என் பக்கம் சரிவு. அவளுக்கு மூன்று படி போதும். எனக்கு நான்கு வேண்டும். வீட்டு வாசலுக்கு இரட்டைப்படையில் யார் படி கட்டுவார்கள்? கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தான்.

"ஆயா, உனக்கு அஞ்சு படியாத்தான் கட்டணும்."

"இன்னாப்பா சொன்ன? காது கேக்கல, சத்தமா சொல்லு."

"அஞ்சு படி ஆயா! அந்த வூட்டுக்கு மூணு!"

சுவருக்கு அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மழை வந்தது. தண்ணீர் தெருவோடு போனது. நான் கூடத்தில் காய்ந்த தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "பாத்து ஏறு, எங்கூட்டுக்கு அஞ்சு படி" என்று சொன்னேன்.

போன வாரம் ரேஷன் அரிசிப் பையோடு வந்து இரண்டாவது படியில் நின்றுவிட்டேன். முட்டி பிடித்துக்கொண்டது. அவள் தன் வாசலில் நின்று பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, முட்டி வலிக்கிதா? எங்கூட்டு வயியா வாயேன், மூணு படிதானே. நடு செவுத்துல வேணா ஒரு கதவு வெச்சிக்கலாம்."

"உன் படி எனக்கு எதுக்குடி? எனக்கு இன்னா படி இல்லியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிகளை நிற்காமல் ஏறினேன். கதவைச் சாத்திவிட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் தெருக்குழாயில் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைக்கூடப் பிடிக்காமல் மூன்று படியையும் ஏறிப் போனாள்.

இப்போது அவள் டைல்ஸைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் இல்லை. டேங்கைப் பார்த்தாலும் இல்லை. அவளுடைய அந்த முட்டியைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.