எனக்குத் தெரியாத சிவப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசிக் கடைசியில், பூதலூர் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலையில் இருந்தபோது நடந்தது இது. நான் ரோலர் ஓட்டுபவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி, காய்ந்த சேறு போலத்தான் தெரியும். பள்ளியில் கிளிக்கு என்னவோ நிறம் அடித்து வகுப்பே சிரித்த நாளிலிருந்து அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. நெல் பழுத்துவிட்டதா என்று யாராவது கேட்டால், கதிர் தலை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். சிக்னலில் எரிவது மேல் விளக்கா, கீழ் விளக்கா என்று பார்ப்பேன். நாற்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வேலைக்குப் புது ரோலர் வந்தது. தலையில் ஒரு குடை போல ஆன்டெனா, என் எதிரே ஒரு ஸ்கிரீன். எந்த இடத்தில் எத்தனை தடவை ஓட்டினோம் என்று சாட்டிலைட் பார்த்துச் சொல்லுமாம். சிவப்பாக இருந்தால் இன்னும் ஓட்ட வேண்டும், பச்சையானால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஸ்கிரீனைப் பார்ப்பது போல் பாவனை செய்துகொண்டு, பழைய முறையிலேயே ஓட்டினேன். ஓர் இடத்தில் எட்டுத் தடவை ஓட்ட வேண்டும். எட்டுக் கூழாங்கல் வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு கல்லை வலது பக்கமிருந்து இடது பக்கம் மாற்றுவேன்.

மூன்றாம் நாள் மாலை, வைக்கோல் ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று எதிரே சரிந்து நின்றது. இறங்கிப்போய்க் கட்டுகளைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிற லாரியின் டிரைவர் நிழலுக்காக என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கற்களைக் காணோம்.

"என்ன மாமா, வண்டிக்குள்ள பல்லாங்குழியா ஆடுறீங்க? எல்லாத்தையும் வாய்க்கால்ல போட்டுட்டேன்" என்று சிரித்தார்.

கணக்குத் தப்பிவிட்டது. ஸ்கிரீனைப் பார்த்தேன். முழுக்கச் சேறு. 'இதுல சிவப்பு எங்க இருக்கு?' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம் என்றால், அடுத்த பகுதிக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்திருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை, மேலே அடுத்த அடுக்கு மண் கொட்டுவதற்கு முன், இன்ஜினியர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், பெண். அவர் கையிலிருந்த லேப்டாப்பில் அந்த இடம் சிவப்பாகக் கிடந்ததாம். அது வாய்க்கால் ஓரம். இன்னும் சில நாளில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். கெட்டிப்படாத மண்ணில் ஈரம் ஏறினால், ஒதுங்குகிற பஸ்ஸோடு ஓரம் உள்ளே போய்விடும்.

"இவ்வளவு பெரிய சிவப்பு உன் கண்ணுக்குத் தெரியலையாய்யா? நீ கிளம்பு, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் சூப்பர்வைசர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்ஜினியர் ரோலரில் ஏறி, என்னையும் ஏறச் சொன்னார். "அண்ணே, எந்த இடம் பாக்கின்னு விரல் வச்சுக் காட்டுங்க."

குத்துமதிப்பாக ஓரிடத்தைத் தொட்டேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேபின் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"சிவப்பும் பச்சையும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுதாண்ணே?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வேலைய விட்டு எடுத்துடாதீங்கம்மா" என்றேன்.

"இதுக்குப் போய் எதுக்குண்ணே எடுக்கணும்? கலரை மாத்தினாப் போச்சு."

ஸ்கிரீனில் நாலு இடத்தில் தட்டினார். முடிந்த இடம் நீலம், பாக்கி இடம் மஞ்சள். சட்டென்று, வாய்க்கால் ஓரமாக, யாரோ வைக்கோல் சிந்திவிட்டுப் போனது போல ஒரு மஞ்சள் பட்டை எனக்குத் தெரிந்தது. நான் முந்தின நாள் இறங்கிப்போன அதே இடம்.

அவர் கீழே இறங்கி, சூப்பர்வைசரிடம், "ஸ்கிரீன் கலர் செட்டிங் அண்ணனுக்குத் தோதா இல்ல சார், மாத்திட்டேன். அவரே ஓட்டட்டும்" என்றார். அதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓட்ட ஓட்ட, மஞ்சள் ஒவ்வொரு கோடாக நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். "அதான் கடையில எப்பவும் காய்த் தக்காளியா வாங்கிட்டு வர்றீங்களா!" என்று அவள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, பஸ் ஓரம் ஒதுங்கினால் சாலை அசையாமல் தாங்குகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், நாற்பது வருடமாக நான் மறைத்துவைத்திருந்ததைச் சரிசெய்ய அந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிடம்தானே ஆயிற்று, அந்த இரண்டு நிமிடத்தை நான் யாரிடமும் கேட்கவே இல்லையே என்று தோன்றும்.